லயத்துக்கு மேலே மண் வெடித்திருக்கிறது, பீலித் தண்ணீர் கலங்கி வருகிறது, அம்மா இறங்க மாட்டேன் என்கிறார்

மேட்டுலயத்துப் பையன்:

எல்லோருக்கும் வணக்கம். நான் கொழும்பில், வெள்ளவத்தைப் பக்கம் ஒரு கடையில் வேலை செய்கிறேன். வீடு அப்புத்தளைக்குக் கிட்ட ஒரு தோட்டத்தில். தோட்டத்தின் பெயரைப் போடவில்லை, போட்டால் அங்கே இருக்கிற அம்மாவுக்குத்தான் தலையிடி. அம்மாவும் ஓ எல் பரீட்சை எழுதப்போகிற தங்கச்சியும் மேட்டு லயத்தின், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளின், கடைசிக் காம்பராவில் (அறையில்) இருக்கிறார்கள்.

பொங்கலுக்குப் போனபோதுதான் பார்த்தேன். லயத்துக்குப் பின்னால், கோழிக்கூட்டில் இருந்து ஒரு முப்பது அடி மேலே, தேயிலைக்கு நடுவில் மண் நீளமாக வெடித்திருக்கிறது. எப்போது வெடித்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. நவம்பரில் டித்வா புயல் அடித்த கிழமைக்கு அப்புறம்தான் என்று பக்கத்து வீட்டு மாமா சொல்கிறார். ஒரு கோழிக்குஞ்சு உள்ளே விழுந்து கத்தியதால்தான் தங்கச்சி கண்டாளாம். அன்றைக்கு என் சுண்டுவிரல் போகும், அவ்வளவுதான். இப்போது மூன்று நாளாக விடாத மழை. நேற்று தங்கச்சி வட்ஸ்அப்பில் படம் அனுப்பினாள், அவளுடைய கை முழங்கை வரைக்கும் உள்ளே போகிறது. வெடிப்புக்குக் கீழ்ப்பக்கத்து மண் மேல்பக்கத்தைவிட நாலு விரற்கடை இறங்கியும் இருக்கிறது.

இன்னொன்று, லயத்துக்குக் கீழே மலை ஊற்றுத் தண்ணீர் விழுகிற பீலி. நான் பிறந்ததில் இருந்து எந்த மழைக்கும் அதில் கண்ணாடி மாதிரித்தான் தண்ணீர் வரும். முந்தாநாளில் இருந்து பால் தேத்தண்ணி நிறத்தில் வருகிறது என்கிறாள்.

செம்மஞ்சள் மண்சரிவு எச்சரிக்கை என்று போனுக்குச் செய்தியும் வந்துவிட்டது. அம்மா அசைய மாட்டேன் என்கிறார். டித்வா நேரம் நாலு நாள் பள்ளிக்கூடத்தில் படுத்துவிட்டுத் திரும்பி வந்தபோது காஸ் சிலிண்டரும் ரெண்டு சேவலும் காணாமல் போயிருந்தன, லயம் அப்படியே நின்றது, அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. "ஒங்க தாத்தா காலத்துல இருந்து நிக்கிற லயம், இன்னைக்கா விழப்போவுது" என்பதுதான் எதற்கும் பதில்.

இந்த வெடிப்பு உண்மையிலேயே பயப்பட வேண்டியதா, சும்மா மண் விடுகிற வெடிப்பா? சீமெந்து ஊற்றி அடைத்தால் நிற்குமா? யாரிடம் சொல்ல வேண்டும்? தோட்டத்தில் சொன்னால் கிராம சேவகரிடம் போகச் சொல்கிறார்கள், அங்கே போனால் அது தோட்டத்துக் காணி என்கிறார்கள்.

கல்லும் மண்ணும்:

தம்பி, இதை முழுக்க வாசித்துக்கொண்டிருக்காமல் முதலில் வீட்டுக்கு ஒரு கோல் எடுங்கள். இன்று இரவு அம்மாவும் தங்கச்சியும் அங்கே படுக்கக் கூடாது. அந்த லயத்தில் இருக்கிற மற்றக் குடும்பங்களுக்கும் இதேதான். மீதியை அப்புறம் பேசலாம்.

பேசிவிட்டீர்களா? சரி. மண்பரிசோதனைக்காக இந்த மலைகளில் பத்து வருசமாகத் துளை போட்டுக்கொண்டு திரிகிறவன் நான். நீங்கள் சொன்னதில் வெடிப்பைவிட எனக்குப் பயம் தந்தது பீலிதான். பீலியில் தெளிந்த தண்ணீர் வருகிறது என்றால் மலைக்குள்ளே மண் இருந்த இடத்தில் இருக்கிறது, தண்ணீர் மட்டும் வடிந்து வருகிறது என்று அர்த்தம். மேலே ஓடுகிற வெள்ளம் அதில் கலக்காமலே அது கலங்குகிறது என்றால் உள்ளே எங்கேயோ தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டோ, மண் நகர்ந்து புதிதாக உரசிக்கொண்டோ இருக்கிறது. நன்றாக வந்த பீலி திடீரென்று நின்றுபோனாலும், காய்ந்த இடத்தில் புதிதாக ஊற்று கிளம்பினாலும் அதே கதைதான். லயத்துக் குசினிச் சுவரின் அடியில் புதிதாகத் தண்ணீர் கசிகிறதா என்று தங்கச்சியிடம் கேளுங்கள், ஆனால் பார்ப்பதற்காக மழையில் போகச் சொல்லாதீர்கள்.

நம் மலைகளின் அடிப்பாறை மிகப் பழையது, நைஸ், சார்னகைட், குவார்ட்சைட் என்று உருமாறிய பாறைகள். கோடிக்கணக்கான வருசம் வெயிலும் மழையும் பட்டு மேல்பகுதி உளுத்து மண்ணாகிக் கிடக்கிறது. கையால் நசுக்கினால் பொடியாகும், ஆனால் பார்க்கக் கல்லின் கோடுகள் அப்படியே இருக்கும். அப்புத்தளை, கொஸ்லந்தைப் பக்கத்துச் செங்குத்து முகங்களின் அடியில், எப்போதோ மேலே இருந்து சரிந்து வந்த மண்ணும் உருளைக் கல்லும் கலந்த மேடுகள் வேறு இருக்கின்றன. அந்த மேடு கொஞ்சம் சமதரையாக இருக்கும், ஊற்றும் இருக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் லயம் கட்ட இடம் தேடினவர்களுக்கு அது தோதான இடமாகத் தெரிந்திருக்கிறது. பழைய சரிவின் மேலேயே ஆட்களைக் குடிவைத்தார்கள், பல தோட்டங்களில் இன்றைக்கும் அப்படித்தான்.

இந்த மண்ணுக்குள் தண்ணீர் இறங்கி அடியில் இருக்கிற கெட்டிப் பாறையில் முட்டி நிற்கும். ரொட்டிக்கு மா பிசைகிறவர்களுக்கு இது விளங்கும்: அளவாக நனைந்த மா உருண்டையாக நிற்கிறது, தண்ணீர் கொஞ்சம் கூடினால் கையில் நிற்காது. மண்ணிலும் தண்ணீர் நிறைய நிறைய அதன் அழுத்தம் மண்துகள்களை ஒன்றோடொன்று உராய விடாமல் தள்ளிப் பிடிக்கிறது, மண்ணின் பாரமும் கூடுகிறது. அந்த நேரத்தில் மலை முதலில் கிழிகிற இடம் மேல்விளிம்பு. நீங்கள் பார்த்த வெடிப்பு அதுவாகத்தான் இருக்கும். நேர்கோடாக இல்லாமல் பிறை மாதிரி வளைந்து, ரெண்டு முனையும் கீழே பார்த்தபடி இருந்தால் எனக்குச் சந்தேகமே இல்லை.

சீமெந்து வேண்டாம். அது மண்ணோடு ஒட்டாது, பாரம்தான் கூடும், வெடிப்பு விரிகிறதா என்று பார்க்கவும் முடியாது. மழை விட்ட நாளில் களிமண் போட்டு மிதித்து, மேலே தடித்த பொலித்தீன் விரித்து, மேல்பக்கம் ஒரு சின்னக் கான் (வாய்க்கால்) வெட்டித் தண்ணீரை வெடிப்புக்கு வெளியே திருப்பலாம். வெடிப்புக்குள் தேங்குகிற தண்ணீர் மரத்தைப் பிளக்க அடிக்கிற ஆப்பு மாதிரி, இறங்க இறங்கப் பிளக்கும். ஆனால் இதெல்லாம் ஆட்கள் வெளியே வந்த பிறகு செய்கிற வேலை.

போகிற இடம் முக்கியம். கீழ் லயத்துக்குப் போகச் சொல்லாதீர்கள், மண் வருகிற பாதையே அதுதான். ஓடைக்கரையும் வேண்டாம். பக்கவாட்டில், மலையின் முதுகு மாதிரி உயர்ந்து நிற்கிற இடத்துக்குப் போக வேண்டும்.

சும்மா ஒரு ஆள்:

ஏன் சார் பொடியனை இப்படிப் பயமுறுத்துகிறீர்கள். எங்கள் தோட்டத்திலும் ஒவ்வொரு வருசமும் மண் வெடிக்கும், பிறகு மூடிவிடும். செம்மஞ்சள் சிவப்பு என்று மாதத்துக்கு நாலு தடவை வருகிறது, எல்லாவற்றுக்கும் ஓடினால் யார் வேலைக்குப் போவது? வேலைக்கு வந்ததாகப் பேர் போட்டால்தானே சம்பளம்.

கல்லும் மண்ணும்:

நியாயமான கேள்வி, ஆனால் நீங்கள் சொல்கிற வெடிப்பு வேறு. மாசி, பங்குனி வெயிலில் களிமண் காய்ந்து விடுகிற வெடிப்பு வலை பின்னினமாதிரிக் கட்டம் கட்டமாக எல்லாப் பக்கமும் ஓடும், ஆழம் இருக்காது, முதல் மழைக்கே மூடிக்கொள்ளும். இந்தப் பையன் சொல்வது மழைக்குத் திறக்கிற வெடிப்பு, ஒற்றையாக மலைக்குக் குறுக்கே ஓடுகிறது, ஒரு பக்கம் இறங்கியும் இருக்கிறது. வெயிலுக்குத் திறப்பது மண்ணின் தோல், மழைக்குத் திறப்பது மலை.

எச்சரிக்கை அடிக்கடி வருகிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அதை மழையின் அளவை வைத்துத்தான் கொடுக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் மஞ்சள், கவனமாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் செம்மஞ்சள், வெளியேறத் தயாராக இருக்க வேண்டும். 150 தாண்டினாலோ, ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே 75 கொட்டினாலோ சிவப்பு, வெளியேற வேண்டும். அது ஒரு பிரதேச செயலாளர் பிரிவு முழுக்கச் சொல்வது, உங்கள் லயத்துக்குப் பின்னால் இருக்கிற வெடிப்பு அதற்குத் தெரியாது. நிலத்தில் அடையாளம் தெரிந்துவிட்ட இடத்தில் சிவப்பு வரும்வரைக்கும் காத்திருக்கக் கூடாது, அவ்வளவுதான் நான் சொல்வது.

பூனாகலைக்காரி:

தம்பி, உங்கள் அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். எங்கள் பெரியம்மா குடும்பம் கொஸ்லந்தைப் பக்கத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் இருந்தது.

2014 ஒக்டோபர் 29. காலை ஏழு மணிக்குப் பிறகு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய், வேலைக்குப் போகிறவர்கள் கிளம்புகிற நேரம். மலை ஒரே அடியாக வந்து லயங்களை மூடிவிட்டது. பள்ளிக்கூடம் போயிருந்ததால் தப்பின பிள்ளைகள் எத்தனை பேர், திரும்பி வந்தபோது வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை. பலருடைய உடலைக்கூடத் தோண்டி எடுக்க முடியவில்லை. அது ஆபத்தான இடம் என்று 2005 இலும் 2011 இலும் சொல்லியிருந்தார்கள் என்பதைப் பிறகு பேப்பரில் வாசித்தோம். சொல்லியும் சனம் அங்கேயே இருந்தது, ஏனென்றால் போக இடம் கொடுக்கவில்லை. எழும்புங்கள் என்று சொல்வது லேசு, எங்கே என்று சொல்லத்தான் ஆள் இல்லை. மிஞ்சினவர்கள் மாக்கல்தெனியவில் மூடிக்கிடந்த தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) எத்தனை மாதம் சேலையை மறைப்பாகக் கட்டிக்கொண்டு கிடந்தார்கள் தெரியுமா.

பெரியம்மாவும் இதே பேச்சுத்தான் பேசுவார், "எவ்வளவு மழ பாத்துட்டோம்" என்று. முதல் நாள் ராத்திரி எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தோம். மாடு கன்று போட்டு ரெண்டு நாள், விட்டுவிட்டு வர மனசு வரவில்லை.

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஈ பி எப் காட், பாஸ்புத்தகம், அம்மாவின் பிரஷர் குளிசை, தங்கச்சியின் பரீட்சை அனுமதி அட்டை எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டு வாசலுக்குக் கிட்ட ஆணியில் மாட்டி வைக்கச் சொல்லுங்கள். சிலிண்டரைக் கையோடு தூக்கிக்கொண்டு போகட்டும், யார் சிரித்தாலும் பரவாயில்லை. நாங்கள் இப்போது அப்படித்தான் போகிறோம்.

பழைய கண்டக்டர்:

முப்பத்திநாலு வருசம் தோட்டத்துக் கண்டக்டராக, வேலையை மேற்பார்த்து மலையில் நின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன், இங்கே யாரும் கானைப் பற்றிப் பேசவில்லை. எங்கள் காலத்தில் கான் வெட்டுக்கென்றே ஆட்களைத் தனியாகப் போடுவோம். மலைக்குக் குறுக்கே போகிற கான், அதில் இருந்து இறங்குகிற பெரிய கான், எல்லாவற்றிலும் மழை தொடங்குமுன் மண்வாரி இலை குப்பை எடுத்தாக வேண்டும். எடுக்கவில்லை என்றால் காலையில் வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்திலேயே தோட்டத்துத் துரை கத்துவார். துரை கத்தினது தேயிலைக்கு உரம் கழுவிப்போகும் என்றுதான், லயத்துச் சனத்துக்காக இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அந்தக் கான்தான் தண்ணீரை மலைக்குள் இறங்க விடாமல் வெளியே கொண்டுபோனது. இப்போது ஆள் குறைவு, கொழுந்து எடுக்கவே ஆள் இல்லை என்கிறார்கள், கான் தூர்ந்து போய் அதில் மானாப்புல் முளைத்து நிற்கிறது. ஓட வேண்டிய தண்ணீர் தேங்கி உள்ளே இறங்குகிறது.

தம்பியின் லயத்துக்கு மேலே இருக்கிற கானை யாராவது ஏறிப் பார்த்தால் நான் சொல்வது தெரியும். அப்புறம் லயத்துக்குப் பின்பக்கம் மண்ணை நட்டுக்கு வெட்டிக் குசினி இறக்கியிருப்பார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன், பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் மூன்று தலைமுறை எப்படிப் படுப்பது? ஆனால் மலையின் காலை வெட்டினால் அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

டர்பன்டைன் மரம் நட்டால் சரியாகும் என்று ஒரு கூட்டம் வரும். வேர் பிடிக்கிறது மேல்மண்ணை. முப்பது அடி ஆழத்தில் நழுவுகிறதை வேர் என்ன செய்யும்?

கல்லும் மண்ணும்:

ஐயா சொன்ன கான் விசயத்தில் நூற்றுக்கு நூறு உடன்பாடு. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட மெதுவாக நகர்ந்துகொண்டிருந்த ஒரு சரிவை ஜப்பான்காரர்களின் உதவி நிறுவனமான ஜைக்காவின் உதவியோடு அடக்கினார்கள். அங்கே முக்கியமாகச் செய்தது மலைக்குள் நீளமாகத் துளைபோட்டுக் குழாய் செருகி உள்ளே இருக்கிற தண்ணீரை வெளியே எடுத்ததுதான். சுவர் கட்டித் தாங்குவதைவிடத் தண்ணீரை இறக்குவதுதான் பல இடங்களில் முதல் வைத்தியம்.

யாரிடம் சொல்வது என்ற கேள்விக்கு: இன்றைக்கே 117 க்கு அடித்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்தில் பதிவு செய்யுங்கள். பிறகு பிரதேச செயலாளருக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள், கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் பதுளை அலுவலகத்துக்குப் பிரதி போடுங்கள். லயத்தில் இருக்கிற எல்லாக் குடும்பமும் கையெழுத்து வைக்கட்டும். அடிமட்டத்தை (அளவுகோலை) வெடிப்புக்குக் குறுக்கே வைத்து எடுத்த படம், திகதியோடு, கட்டாயம் வேண்டும். காணி யாருடையது என்பது அவர்களுக்குள் பேசிக்கொள்ளட்டும், ஆய்வுக்கு வர அது தடை இல்லை.

மேட்டுலயத்துப் பையன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு பதினொரு மணி வரைக்கும் போனில் சண்டை. கடைசியில் பூனாகலை அக்கா எழுதினதைத் தங்கச்சி சத்தமாக வாசித்துக் காட்டியிருக்கிறாள். மாடு கன்று போட்ட இடம் வந்ததும் அம்மா ஒன்றும் பேசாமல் எழும்பி சிலிண்டரைக் கழற்றினாராம். இப்போது கோயில் மேட்டில் சித்தி வீட்டில் இருக்கிறார்கள், அது பக்கவாட்டில்தான், இடையில் ஒரு ஓடை இருக்கிறது. லயத்தில் இருந்த ஆறு குடும்பத்தில் நாலு குடும்பம் வந்துவிட்டது. ரெண்டு குடும்பம் வரவில்லை, பகலில் மாமா போய்ப் பேசப் பார்க்கிறார்.

117 க்கு அடித்தேன், தமிழில் பேசினார்கள். கடிதம் மாமா கொண்டுபோகிறார். பெரிய கண்டக்டர் ஐயா சொன்னது உண்மை, மேல் கான் இருந்த இடமே தெரியவில்லையாம். மழை எப்போது விட்டால் திரும்பிப் போகலாம் என்று அம்மா இப்போதே கேட்கிறார்.

கல்லும் மண்ணும்:

நல்ல வேலை செய்தீர்கள். மழை விட்ட உடனே போக வேண்டாம். மேலே பெய்த தண்ணீர் உள்ளே இறங்கிச் சேர நேரம் எடுக்கும், வெயில் அடித்த பிறகு சரிந்த இடங்களை நானே பார்த்திருக்கிறேன். ஆய்வுக்கு வருகிறவர்கள் சொல்லும்வரைக்கும் இரவு அங்கே படுக்கவே கூடாது.

பகலில், மழை இல்லாத நேரம், மாமா ரெண்டு வேலை செய்யலாம். வெடிப்புக்கு மேல்பக்கம் ஒன்று, கீழ்ப்பக்கம் ஒன்று, ரெண்டு கம்பி ஆப்பு அடித்து இடைவெளியைச் சரியாக ஒரு மீற்றருக்கு வைத்து ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் அளந்து கொப்பியில் எழுதட்டும். கூடிக்கொண்டு போனால் மலை போய்க்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு நாளும் கூடுகிற அளவே கூடிக்கொண்டு போனால் அந்தப் பக்கமே யாரும் தலைகாட்டக் கூடாது. களிமண் அடைப்பது ஆப்பு அடித்த பிறகு.

ரெண்டாவது மழை அளப்பது. நேர் சுவர் உள்ள பால்மா டின் ஒன்றைத் திறந்த வெளியில் சரிந்துவிடாமல் வைத்து, காலை எட்டு மணிக்கு அடிமட்டத்தால் தண்ணீரின் உயரத்தை அளந்தால் அதுதான் மில்லிமீற்றர், வேறு கணக்கு இல்லை. யோகட் கப் வேண்டாம், அது மேலே அகலம் கீழே ஒடுக்கம். அடிமட்டத்தில் பூச்சியத்துக்கு முன்னால் இருக்கிற வெற்று இடத்தையும் மறக்காமல் கூட்டிக்கொள்ளுங்கள், என்னோடு படித்த ஒருவன் மூன்று மாதம் அதை மறந்து அளந்தான்.

சும்மா ஒரு ஆள்:

நான் முதலில் எழுதினது கொஞ்சம் அவசரம்தான். எங்கள் லயத்துக்கு மேலே இருக்கிறதையும் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன்.

மேட்டுலயத்துப் பையன்:

பத்து நாள் ஆகிறது, சொல்லாமல் இருக்கக் கூடாது என்று எழுதுகிறேன். ஆய்வுக்கு வந்தார்கள், வெடிப்பு பிறை மாதிரித்தான் வளைந்திருக்கிறதாம், நீளம் நாங்கள் நினைத்ததைவிடக் கூட, ஒரு முனை தேயிலைக்கு அடியில் மறைந்து கோயில் பாதை வரைக்கும் போகிறது. கடைசி மூன்று காம்பராவிலும் இருக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மாற்று இடம் பற்றிப் பிறகு அறிவிப்பார்களாம். வராமல் இருந்த ரெண்டு குடும்பமும் அந்தக் கடிதத்துக்கு அப்புறம் வந்துவிட்டது. லயம் இன்னும் நிற்கிறது, அம்மா அதைத் தினமும் எனக்குச் சொல்கிறார்.

பீலி இன்னும் முழுதாகத் தெளியவில்லை. ஆப்புக்கு இடையில் முதல் நாலு நாளில் ஒரு மீற்றருக்கு மேல் ஒன்பது சென்ரிமீற்றர் கூடியது, மழை குறைந்த பிறகு அப்படியே நிற்கிறது. இன்று காலை டின்னில் 12 மில்லிமீற்றர். தங்கச்சி கொப்பியில் கோடு போட்டு வரைபடமே கீறி வைத்திருக்கிறாள், புவியியல் பாடத்துக்கு உதவுமாம். கோழிகளைச் சித்தி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம், மிச்சம் இருந்த ஒரு சேவல் மட்டும் கூட்டுக்கு மேலே மரத்தில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறது.